ரங்கசாமி மலை ஏற்றமும் கோத்தகிரிச் சுற்றுப்புறமும்: முழுமையான வழிகாட்டி

நீலகிரியின் கிழக்கு விளிம்பில் நிற்கும் ரங்கசாமி சிகரத்தில் ஏறி இறங்கவும், அதைச் சுற்றியுள்ள கோடநாடு காட்சிமுனை, லாங்வுட் சோலை, கன்னேரிமுக்கு பங்களா, கேத்தரின் அருவி ஆகியவற்றைப் பார்க்கவும் மூன்று முழு நாள்கள் வேண்டும். கரிக்கையூர்ப் பாறை ஓவியங்களையும் பார்க்க விரும்பினால் நான்காவது நாளும் தேவைப்படும். இரண்டே நாளில் முடித்துவிட வேண்டும் என்று வந்தவர்களுடன் நான் பலமுறை சென்றிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று விடுபட்டது, பெரும்பாலும் அது மலையேற்றமாகவே இருந்தது. எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பின்னால் தள்ள வேண்டும் என்பது இந்த மலையில் மிகவும் முக்கியமானது. ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் பின்பற்றுங்கள்.

1. உயரக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

ரங்கசாமி சிகரத்தின் உயரம் 5,855 அடி, அதாவது ஏறத்தாழ 1,785 மீட்டர். கோத்தகிரி நகரமோ 1,793 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே பார்க்கும் புதியவர்கள், தங்கும் விடுதியும் மலை உச்சியும் ஒரே உயரத்தில்தான் உள்ளன, ஆகவே இது ஒரு சாதாரண நடைதான் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நான் கண்ட தவறுகளில் முதலாவது இதுதான். பிற தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

நடை தொடங்கும் இடம் கோத்தகிரி அன்று. சோலூர்மட்டம் வழியாகச் சாலை கீழ்நோக்கி இறங்கி, தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, கிழக்குச் சரிவில் இருக்கும் கரிக்கையூருக்குச் சென்று சேர்கிறது. வண்டியில் அமர்ந்து இழந்த உயரத்தை மீண்டும் காலால் ஏறித்தான் பெற வேண்டும். அதுவும் கோத்தகிரியின் குளிர்ந்த காற்றில் அன்று. சமவெளியின் வெப்பம் மேலேறி வரும் சரிவில், காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும் திசையில்.

ஊட்டியில் தொட்டபெட்டாவுக்குச் சென்று வந்த அனுபவத்தை இதற்கு அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் உச்சிவரை சாலை இருக்கிறது. எவ்வளவு ஏறுகிறோம், எந்த வெயிலில் ஏறுகிறோம் என்பதே காலுக்குத் தெரியும் கணக்கு. கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதைக் கால் அறியாது.

2. காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தொட்டபெட்டா மலைத்தொடர் தடுத்துவிடுவதால், கோத்தகிரிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூரைப் போல நனைவதில்லை. இங்கே பெருமழை தருவது வடகிழக்குப் பருவமழையே. அக்டோபர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை இந்தச் சரிவுக்குச் செல்லத் திட்டமிட வேண்டாம். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த மாதத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மரமும் மண்ணும் விழுவதை இங்குள்ளவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள்.

பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை காட்டுத்தீக் காலம். அப்போது வனத்துறை மலையேற்றத் தடங்களை மூடிவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் ஏற்பட்ட தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் யாரும் மறக்க முடியாது. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகம் மனிதன் ஓடும் வேகத்தைவிட அதிகம். மூடிய காலத்தில் கேட்டுப் பார்க்கலாமே என்று கெஞ்சாதீர்கள். அந்தத் தடை உங்களுக்காகவே போடப்பட்டது.

என் தேர்வு டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி முதல் வாரம் வரை. காற்று தெளிவாக இருக்கும், மண் காய்ந்திருக்கும், புல் இன்னும் முழுக்கக் காய்ந்திருக்காது. அது இயலாதவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரைப் பார்க்கலாம். அப்போது மேகம் உச்சியை மறைத்துவிடும் வாய்ப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். மே மாதம் வேண்டாம். ஊட்டிக் கூட்டம் முழுவதும் கோத்தகிரி வழியாக இறக்கிவிடப்படும் காலம் அது.

3. அனுமதியை முதலில், தங்குமிடத்தைப் பிறகு

பலரும் விடுதியை முன்பதிவு செய்துவிட்டு, கடைசி வாரத்தில் அனுமதியைத் தேடுகிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். ரங்கசாமி சிகரத்துக்குச் செல்லும் தடம் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காடு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 தடங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் கரிக்கையூர் முதல் ரங்கசாமி சிகரம் வரையிலான தடமும், கரிக்கையூர் முதல் பொறிவரைப் பாறை ஓவியம் வரையிலான தடமும் அடங்கும். இரண்டும் ஒரே ஊரில் தொடங்கினாலும் வெவ்வேறு தடங்கள் என்பதைக் கவனியுங்கள். ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு மற்றொன்றையும் பார்த்துவிடலாம் என்று எண்ணி வந்த குழுக்கள், காட்டின் வாசலில் நின்று வாதாடி ஒரு மணி நேரத்தை இழந்ததைக் கண்டிருக்கிறேன்.

முன்பதிவு இணையத்தில்தான் நடைபெறுகிறது. தடம் திறந்திருக்கிறதா, எந்த நாளில் இடம் இருக்கிறது என்பதை அங்கே உறுதி செய்த பிறகே பயண நாளை முடிவு செய்யுங்கள். யானை நடமாட்டம் அல்லது மழை காரணமாக முதல் நாள் மாலையில்கூட நடை தள்ளிவைக்கப்படலாம். ஆகவே ஏற்றத்துக்கு அடுத்த நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது நல்லது.

“அனுமதியெல்லாம் தேவையில்லை, குறுக்கு வழியில் கூட்டிப்போகிறேன்” என்று யாராவது சொன்னால், அவரிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம். அதைவிட, விபத்து நேர்ந்தால் நீங்கள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வருவோர் இ-பாஸ் என்னும் இணைய வழி நுழைவுச் சீட்டை எடுத்தாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த நடைமுறை இருக்கிறது. அரசுப் பேருந்தில் வருவோருக்கு இது தேவையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். வழியில் குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் பாஸும் பைகளும் பார்க்கப்படும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் நீலகிரியில் தடை செய்யப்பட்டிருப்பதால், சமவெளியில் வாங்கிய தண்ணீர் பாட்டில்களை அங்கேயே விட்டுவிட நேரும். எஃகுக் குடுவைகளுடன் வாருங்கள்.

4. கால்களைத் தயார் செய்யுங்கள்

ஏற்றத்துக்கு மூச்சு வேண்டும், இறக்கத்துக்கு முழங்கால் வேண்டும். முதலாவதை எல்லோரும் பயிற்சி செய்கிறார்கள், இரண்டாவதை யாரும் செய்வதில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்கி, வாரத்துக்கு நான்கு நாள், வீட்டு மாடிப்படியில் 20 நிமிடம் ஏறி இறங்குங்கள். இறங்கும்போது மின்தூக்கியைப் பயன்படுத்தாமல், மெதுவாக, ஒவ்வொரு படியிலும் முழங்காலை லேசாக மடக்கி இறங்குங்கள். தொடையின் முன்பகுதித் தசை பழகுவது அந்த இறக்கத்தில்தான்.

கடைசி வாரத்தில், மலைக்குக் கொண்டுபோகும் அதே பையில் அதே எடையை வைத்து நடந்து பாருங்கள். தோள்பட்டை எங்கே அறுக்கிறது என்பதை வீட்டுத் தெருவில் அறிந்துகொள்வது நல்லது. இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரின் சொல்லைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மலைச் சரிவிலிருந்து 108 வண்டி வரும் இடம்வரை ஒருவரைத் தூக்கி வருவதற்கு ஆகும் நேரத்தை நினைத்துப் பார்த்தால், இந்த எச்சரிக்கை ஏன் என்பது விளங்கும்.

5. பையில் என்ன இருக்க வேண்டும்

ஒருவருக்கு மூன்று லிட்டர் தண்ணீர். வழியில் ஓடை கிடைக்கும் என்பதை நம்ப வேண்டாம்; ஜனவரியில் ஓடும் ஓடை பிப்ரவரியில் வெறும் கல்லாக இருக்கலாம், தண்ணீர் இருந்தாலும் அது விலங்குகள் இறங்கிக் குடிக்கும் இடம். மூன்று லிட்டரையும் ஒரே குடுவையில் வைக்காமல் இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று உடைந்தாலோ கைதவறி உருண்டாலோ மற்றொன்று இருக்கும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வேண்டும்.

உணவுக்குப் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் ஏற்றவை, ஏனெனில் மதியம்வரை கெடாது. தயிர்ச்சோறு வெயிலில் புளித்துவிடும். கோத்தகிரிக்கு வந்த மகிழ்ச்சியில் பலரும் வர்க்கி என்னும் மொறுமொறுப்பான தின்பண்டத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். வர்க்கி தேநீருக்கு நல்லது, ஆனால் ஏற்றத்தில் அது நாவை வறட்சியாக்கித் தண்ணீரை விரைவில் தீர்த்துவிடும். அதற்குப் பதில் கடலை மிட்டாயும் பேரீச்சையும் வையுங்கள்.

காலணி பழகியதாக, அடிப்பகுதியில் பள்ளங்கள் உள்ளதாக இருக்க வேண்டும். புதிய காலணியுடன் வந்து பாதி வழியில் குதிகால் கொப்பளித்தவர்களை ஒவ்வொரு குழுவிலும் காண்கிறேன். முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை இரண்டும் வேண்டும். வறண்ட மாதங்களில் புதரிலிருந்து உண்ணி ஏறும், மழை மாதங்களில் அட்டை ஏறும். நிறம் மங்கியதாக இருக்கட்டும். வாசனைத் திரவியமும் மணமுள்ள தலையெண்ணெயும் அன்று வேண்டாம். காரணம் ஒன்பதாம் பகுதியில் வருகிறது. தொப்பி, விசில், சிறு கைவிளக்கு, கொப்புளத்துக்கு ஒட்டுத்துணி, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு துணிப்பை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. முதல் நாள்: கோடநாட்டில் நின்று மலையைப் பாருங்கள்

கோத்தகிரிக்கு வந்து சேரும் நாளில் ஏறக் கூடாது. மலைப்பாதை வளைவுகளில் வயிறு கலங்கியிருக்கும், தூக்கம் குறைந்திருக்கும். அந்த நாளைக் கோடநாட்டுக்குக் கொடுங்கள். நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர், தேயிலைத் தோட்டங்களின் ஊடே செல்லும் சாலையின் முடிவில் காட்சிமுனை இருக்கிறது.

இதை ஏற்றத்துக்கு முன்பே பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஏறும்போது மலை கண்ணுக்குத் தெரியாது. மரமும் பாறையும் முன்னால் நடப்பவரின் முதுகும்தான் தெரியும். கோடநாட்டில் நின்றால் ரங்கசாமி சிகரமும், அதன் அருகே தனித்து நிற்கும் ரங்கசாமித் தூணும் தெளிவாகத் தெரியும். அந்தத் தூண் ஏறத்தாழ 400 அடி உயரமுள்ள ஒற்றைப் பாறை. அதன் செங்குத்தான பக்கங்களைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டவர்கள், மறுநாள் அதன் அருகே போய்ப் பார்க்கலாமா என்று வழிகாட்டியைத் தொந்தரவு செய்வதில்லை.

கீழே பச்சைப் பள்ளத்தாக்கில் மோயாறு வளைந்து வளைந்து ஓடுவதையும், அதன் கரையில் தெங்குமரஹாடா ஊரின் வயல்களையும், தொலைவில் பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் வெள்ளைக் கீற்றையும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். மறுநாள் உச்சியில் நிற்கும்போது இதே மூன்றையும் வேறு கோணத்தில் காண்பீர்கள். எது எந்தத் திசை என்பது முன்பே மனதில் பதிந்திருந்தால், அங்கே செலவிடும் அரை மணி நேரம் வரைபடத்தைத் தேடுவதில் கழியாது.

மதியத்துக்குள் சென்றுவிடுங்கள். பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும்பிக் காட்சிமுனையை வெள்ளைத் திரையாக்கிவிடும். அந்த மேகம் எத்தனை மணிக்கு எழுகிறது என்பதைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்க வேண்டிய நேரத்துக்கு அதுவே உங்கள் கணக்கு.

7. இரண்டாம் நாள் விடியல்: கரிக்கையூர் வரை

சோலூர்மட்டம் வழிப் பாதை குறுகலானது, பேருந்துகள் குறைவு. ஜீப்பை முதல் நாள் மாலையிலேயே பேசி வைத்துவிடுங்கள். “காலையில் பார்த்துக்கொள்ளலாம் அண்ணா” என்று சொல்லும் ஓட்டுநரை நம்பிப் படுக்கைக்குச் செல்ல வேண்டாம். புறப்படும் நேரத்தைச் சொல்லி, அவருடைய எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வனத்துறை குறிப்பிட்ட நேரத்துக்கு அரை மணி முன்னதாகக் கரிக்கையூரில் இருக்கும்படி கணக்கிடுங்கள். விடியற்காலையில் சாலையில் காட்டுமாடுகள் நிற்கும், அவை நகரும்வரை வண்டி நிற்க வேண்டியிருக்கும். ஒலிப்பானை அழுத்தி அவற்றை விரட்டச் சொல்லாதீர்கள்.

கோத்தகிரியை விட்டு இறங்கியதும் கைப்பேசித் தொடர்பு மெலிந்துவிடும். ஆகவே அனுமதிச் சீட்டைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். விடுதியில் ஒருவரிடம், எந்தத் தடம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்ற மூன்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கரிக்கையூர் இருளர் மக்கள் வாழும் ஊர். உங்களுடன் வரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்தச் சரிவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வந்தவுடன் கைப்பேசியை உயர்த்தி வீடுகளையும் குழந்தைகளையும் படம் எடுக்கத் தொடங்குவது பெரும் அவமதிப்பு. முதலில் வணக்கம் சொல்லி, பெயர் கேட்டு, உங்கள் குழுவில் யாருக்கு முழங்கால் வலி, யாருக்கு மூச்சிரைப்பு என்பதை வழிகாட்டியிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்டால்தான் நடையின் வேகத்தை அவர் தீர்மானிக்க முடியும்.

8. ஏற்றம்

முதல் அரை மணி நேரம் பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் மட்டும் ஏறுங்கள். இளைஞர்கள் தொடக்கத்தில் முன்னால் ஓடி, ஒரு மணி நேரத்தில் பாறையில் அமர்ந்துவிடுகிறார்கள். உடல் சூடேறுவதற்கு முன் தசையை வருத்தினால் அது அன்று முழுவதும் சரியாவதில்லை. குழுவில் மிக மெதுவாக நடப்பவரை வழிகாட்டிக்கு அடுத்ததாக நிறுத்துங்கள். எல்லோரும் அவர் வேகத்தில் வரட்டும். கடைசியில் விட்டால் அவர் ஓய்வின்றி நடப்பார், ஏனெனில் அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வை முடித்துக் கிளம்பிவிடுவார்கள்.

செங்குத்தான இடங்களில் நேராக ஏறாமல், பாதை அகலம் தரும் வரை சற்றுக் குறுக்காக, சிறு அடிகளாக வையுங்கள். முழுப் பாதமும் தரையில் படட்டும். நுனிக்காலில் ஏறினால் கெண்டைக்கால் தசை பிடித்துக்கொள்ளும். பற்றுக்கோட்டுக்குச் செடியைப் பிடிக்கும் பழக்கத்தை விடுங்கள். உண்ணிச்செடியின் முள் கையைக் கிழிக்கும், காய்ந்த கிளை கையோடு வரும்.

தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை காக்காமல், 20 நிமிடத்துக்கு இரண்டு மிடறு குடியுங்கள். உச்சியை அடைவதற்குள் பாதித் தண்ணீருக்கு மேல் தீர்ந்துவிட்டால், அதை வழிகாட்டியிடம் சொல்லுங்கள். திரும்பிவிடலாம் என்று அவர் சொன்னால் திரும்புங்கள். ஒருமுறை எங்கள் குழுவில் ஒருவர் தலைசுற்றலை மறைத்து வைத்துக்கொண்டு உச்சி வரை வந்துவிட்டார். இறங்குவதற்கு எங்கள் எல்லோருக்கும் இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. அவர் பாதியிலேயே சொல்லியிருந்தால் நான் அவருடன் மகிழ்ச்சியாகத் திரும்பியிருப்பேன்.

9. காட்டின் சொந்தக்காரர்கள்

இந்தச் சரிவில் யானை, காட்டுமாடு, கரடி மூன்றும் உண்டு. சிறுத்தையும் உண்டு, ஆனால் அது உங்களைப் பார்த்துவிட்டு விலகிவிடும். மூன்று விலங்குகளிடமும் நடந்துகொள்ளும் முறை ஒன்றல்ல என்பதால் தனித்தனியே சொல்கிறேன்.

யானைக்கு மோப்பம் கூர்மை. வழிகாட்டி திடீரென நின்று, மண்ணை எடுத்துக் காற்றில் தூவிப் பார்த்தால், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கிறார் என்று பொருள். அப்போது கேள்வி கேட்காதீர்கள், ஒரு சொல்கூடப் பேசாதீர்கள். புதிய சாணமும் ஒடிந்த பச்சைக் கிளையும் கண்டால் அவர் பாதையை மாற்றுவார். அது நேர விரயம் அன்று.

காட்டுமாடு அமைதியாக மேய்வதைப் பார்த்து, வீட்டு மாட்டைப் போல அருகில் போகலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். தனித்து நிற்கும் கிழட்டுக் காளையிடம் மிகவும் எச்சரிக்கை தேவை. அது நிமிர்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டே நின்றால், நீங்கள் ஏற்கனவே அளவுக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள்.

கரடிக்குப் பார்வை மங்கல். எதிர்பாராமல் எதிரே ஆள் வந்துவிட்டால், அச்சத்தில் தாக்கும். கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் கரடியால் காயம்பட்டவர்களில் பலர் வளைவிலோ புதர் ஓரத்திலோ அதை நேருக்கு நேர் சந்தித்தவர்கள். ஆகவே பாறை வளைவுகளிலும் அடர்ந்த புதர்களிலும் யாரும் தனியாக முன்னால் போக வேண்டாம். சிறுநீர் கழிக்கப் பாதையை விட்டு விலகுவதற்கும் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டே செல்லுங்கள்.

இவற்றைவிட நான் அஞ்சுவது மலைத்தேனீக்கே. நீலகிரியின் செங்குத்துப் பாறைகளில் அவை பெரிய அடைகளாகக் கூடு கட்டுகின்றன. குறும்பர்கள் கயிற்றில் இறங்கித் தேன் எடுப்பது இந்தக் கூடுகளிலிருந்துதான். வாசனைத் திரவியம், புகை, எறிந்த கல் ஆகிய மூன்றும் அவற்றைக் கிளப்பிவிடும். புகைபிடிப்பதைத் தீயின் பொருட்டு மட்டுமன்றித் தேனீயின் பொருட்டும் தவிர்க்க வேண்டும். எதிரொலி கேட்பதற்காகப் பாறையை நோக்கிக் கூவுவதும் வேண்டாம்.

10. உச்சியில் நடந்துகொள்ள வேண்டிய முறை

இது கோவில் இருக்கும் உச்சி. இருளர், குறும்பர், படுகர் ஆகிய மூன்று மக்களும் வழிபடும் ரங்கசாமி இங்கே இருக்கிறார். காரமடையில் இருந்த ரங்கநாதர், தம் தேவியுடன் ஊடல் கொண்டு இம்மலைக்கு வந்து தனியே தங்கினார் என்பது இங்கே வழங்கும் கதை. அதற்குச் சான்றாக அரக்கோடு என்ற ஊருக்கு அருகே பாறையில் உள்ள இரண்டு காலடித் தடங்களைக் காட்டுவார்கள். பூசை செய்யும் உரிமை பரம்பரையாக இருளருக்கு உரியது. கல்லால் சூழப்பட்ட எளிய அடைப்புகளுக்குள் தெய்வமாக வைத்து வணங்கப்படுபவை கற்கள்தாம். கோபுரத்தைத் தேடி வருவோர் கோவில் எங்கே என்று கேட்டுக்கொண்டு அதன்மேலேயே ஏறி நின்றுவிடுகிறார்கள். அந்த ஒரு நொடி வழிகாட்டியின் முகம் மாறுவதை நான் கண்டிருக்கிறேன்.

ஆகவே உச்சியை நெருங்கும்போதே வழிகாட்டியிடம், “எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும் ஐயா?” என்று கேளுங்கள். அவர் காட்டும் இடத்தில் கழற்றுங்கள். அடைப்புக்குள் நுழையாதீர்கள், விளக்குகளையும் காணிக்கைப் பொருள்களையும் தொடாதீர்கள். அசைவ உணவை அன்று கொண்டுவரவே வேண்டாம். திருவிழா நாளில் ஏற்றம் அமைந்துவிட்டால், நடையை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அன்று அந்த உச்சி வழிபட வருவோருக்கு உரியது.

பாறையின் விளிம்பிலிருந்து குறைந்தது ஓர் ஆள் நீளம் தள்ளியே நில்லுங்கள். காற்று திடீரென வீசும், பாறையின் மேல் சிதறியிருக்கும் மணல் காலை வழுக்கும். தன்னைத்தானே கைப்பேசியில் படம் எடுப்பவர் தன்னை அறியாமல் பின்னால் அடி வைக்கிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். படம் எடுக்க விரும்புபவர் அமர்ந்து எடுக்கட்டும்.

அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். முதல் நாள் குறித்து வைத்த மேக நேரத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாக இறக்கம் தொடங்கியிருக்க வேண்டும். மூடுபனியில் பாதை தெரியாது. அதைவிட, எதிரே நிற்கும் விலங்கு தெரியாது.

11. இறக்கம்

கிளம்பும் முன் காலணிக் கயிற்றை அவிழ்த்து, கணுக்கால் பகுதியில் இறுக்கமாக மீண்டும் கட்டுங்கள். இல்லையெனில் கால் முன்னால் சறுக்கிப் பெருவிரல் நகம் கறுத்துவிடும். நகங்களை முதல் நாளே வெட்டியிருக்க வேண்டும்.

காயங்கள் பெரும்பாலும் இறக்கத்தில்தான் நேர்கின்றன. கால் தளர்ந்திருக்கும், மனம் உணவைப் பற்றி எண்ணத் தொடங்கியிருக்கும். முழங்காலை விறைப்பாக வைக்காமல் லேசாக மடக்கி, சிறு அடிகளாக வையுங்கள். உருளும் சரளை உள்ள இடத்தில் இருவருக்கு இடையே நான்கு அடி இடைவெளி வேண்டும். ஒருவர் தட்டிவிடும் கல் கீழே இருப்பவரின் கணுக்காலைத் தாக்காமல் இருக்கவே இந்த இடைவெளி. கல் உருண்டால் வெட்கப்படாமல் “கல்!” என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

கரிக்கையூர் சேர்ந்தவுடன் உண்ணி இருக்கிறதா என்று சட்டை மடிப்புகளையும் முழங்காலின் பின்புறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்கு நன்றி சொல்லி, மீதமிருக்கும் உணவையும் குப்பையையும் உங்கள் பையிலேயே கோத்தகிரிக்குக் கொண்டுவாருங்கள். அந்த ஊரில் குப்பை வண்டி வரும் என்று எண்ணி மூட்டையைச் சாலையோரம் வைத்துவிட்டால், இரவில் கரடி அதைப் பிரித்துவிடும். மனிதர் உணவில் ருசி கண்ட கரடியால் துன்பப்படுபவர்கள் அந்த ஊர் மக்களே.

12. மூன்றாம் நாள்: ஓய்வும் சோலையும் பழைய பங்களாவும்

காலையில் தொடை வலிக்கும். படுத்திருந்தால் வலி கூடும், மெதுவாக நடந்தால் தளரும். அதற்கு ஏற்ற இடம் கோத்தகிரிக்கு அருகே இருக்கும் லாங்வுட் சோலை. அதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். மூன்றாம் பகுதியில் சொன்ன முன்பதிவின்போதே இதையும் எடுத்துவிடுங்கள்.

ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சோலை 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கீழே உள்ள 18 ஊர்களுக்குக் குடிநீர் இங்கிருந்தே ஊறி வருகிறது. முந்தைய நாள் ஏறிய வறண்ட சரிவையும் இந்த ஈரக் காட்டையும் அடுத்தடுத்த நாள்களில் பார்ப்பதால், நீலகிரியின் தண்ணீர் எங்கே பிறக்கிறது என்பது காலுக்கே புரிந்துவிடுகிறது. காலை ஏழு மணிக்குள் நுழைந்தால் நீலகிரிச் சிரிப்பானின் குரலைக் கேட்கலாம். ஒன்பது மணிக்கு மேல் பறவைகள் அடங்கிவிடும்.

பிறகு நகரிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் கன்னேரிமுக்குக்குச் செல்லுங்கள். 1819-இல் நீலகிரிக்கு வந்த கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் முதலில் தங்கியது கோத்தகிரிப் பக்கம்தான். ஊட்டியில் அவருடைய கல் பங்களா 1822-இல்தான் எழுந்தது. கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பெத்தக்கல் பங்களா இப்போது நினைவகமாக இருக்கிறது. உள்ளே இருக்கும் பழங்குடி மக்களின் படங்களை, அந்த மக்களில் ஒருவருடன் முந்தைய நாள் முழுவதும் நடந்த பிறகு பார்ப்பது வேறு அனுபவம். நான் இதை மூன்றாம் நாளுக்கு வைத்திருப்பது அதற்காகவே.

13. விரும்புவோர்க்கு நான்காம் நாள்: பொறிவரை

பொறிவரை என்ற பாறை மறைவில் வெள்ளை, சிவப்பு நிறங்களில் நூற்றுக்கணக்கான ஓவியங்கள் உள்ளன. தென்னிந்தியாவின் பெரிய பாறை ஓவியத் தொகுதிகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது. சிகரம் ஏறிய மறுநாளே இதற்குச் செல்ல வேண்டாம், ஒரு நாள் இடைவெளி விடுங்கள். தளர்ந்த காலுடன் மீண்டும் அதே சரிவில் நடப்பது இடறலுக்கு வழி.

பாறையைத் தொடக் கூடாது, தண்ணீர் தெளித்து நிறத்தைத் தெளிவாக்கிப் பார்க்கக் கூடாது, சுண்ணாம்புக் கட்டியால் கோடு வரைந்து காட்டக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் நிறத்தை உரித்துவிடும். இங்கே வந்தவர்கள் தங்கள் பெயர்களைக் கிறுக்கியும் சுரண்டியும் பல உருவங்களை அழித்துவிட்டார்கள். அந்தப் பெயர்களைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் பேச முடியாமல் நின்றிருக்கிறேன். உருவங்களைக் காணக் காலை நேரச் சாய்ந்த ஒளி போதும். சில நிமிடங்கள் அசையாமல் நின்று பார்த்தால், முதலில் கறையாகத் தெரிந்தது ஆளாகவும் விலங்காகவும் விளங்கத் தொடங்கும்.

14. திரும்பும் வழி

கேத்தரின் அருவியைத் தனிப் பயணமாக வைக்க வேண்டாம். அது மேட்டுப்பாளையம் சாலையில் அரவேணுவிலிருந்து பிரியும் வழியில் இருப்பதால், ஊர் திரும்பும் நாளில் பார்ப்பதே சரி. ஏறத்தாழ 250 அடி உயரத்திலிருந்து இரண்டு படிகளாக விழும் இந்த அருவியைக் காட்சியிடத்திலிருந்து பார்த்துவிட்டு வாருங்கள். பாசி படிந்த பாறைகளில் இறங்கிக் குளிக்க முயல வேண்டாம்.

அரவேணுவிலிருந்து மேட்டுப்பாளையம் வரை தொடர்ந்து இறக்கம். ஓட்டுபவர் இரண்டாம் கியரிலேயே வண்டியை இறக்கட்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இருட்டுவதற்குள் குஞ்சப்பனையைக் கடந்துவிடும்படி அருவியிலிருந்து புறப்படுங்கள், ஏனெனில் மாலையில் அந்தச் சாலையை யானைகள் கடக்கும். யானை நின்றால் வண்டியை நிறுத்தி, முகப்பு விளக்கைத் தாழ்த்தி, அது போகும்வரை காத்திருங்கள்.